பத்துக்குப் பத்து அறையில் ஈக்வலைசரும் சவுண்ட் மீட்டரும்

பாட்டுப் பைத்தியம் பிடித்த வீடுகளில், பேஸ் முதல் ட்ரெபிள் வரை ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே ஏற்றி இறக்க உதவும் ஈக்வலைசரின் முகத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கோலம்தான். இரண்டு ஓரத்திலும் ஸ்லைடர்கள் உச்சியில் நிற்கும், நடுவில் இருப்பவை பள்ளத்தில் கிடக்கும். கடையில் டெமோ காட்டும்போது அது நன்றாகத்தான் இருக்கும். கடை பெரிது, முன்பக்கம் ரோட்டைப் பார்த்துத் திறந்தே கிடக்கிறது. அதே செட்டிங்கை வடசென்னையில் வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ பத்துக்குப் பத்து அறைக்குள் கொண்டுவந்து வைத்தால் பேஸ் ஒரே சுருதியில் குமுறும், பாடுகிறவர் குரல் அதற்கடியில் அமுங்கிப்போகும். "ஊஃபர் சரியில்லண்ணே, மாத்திடலாம்" என்று மெக்கானிக் சொல்வார். ஊஃபரில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. குமுறுவது அறை.

எந்த இடத்தில் எவ்வளவு குமுறுகிறது என்பதைக் காதால் பிடிப்பது கஷ்டம், சத்தத்தை டெசிபல் எண்ணாகக் காட்டும் சவுண்ட் மீட்டரால் சுலபம். ஆனால் மீட்டர் கையில் வந்ததும் எல்லா பேண்டையும், அதாவது ஒவ்வொரு அதிர்வெண் பட்டையையும், ஒரே கோட்டில் நிறுத்தப் பார்ப்பதுதான் பலர் செய்யும் காரியம். அது வேண்டாத வேலை. தோராயமாக 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறையின் ராஜ்ஜியம். அங்கே மீட்டரை நம்பி வேலை செய்யலாம். அதற்கு மேலே ஸ்பீக்கரின் குணம். அங்கே கை வைப்பதைக் குறைத்துக்கொள்வது நல்லது.

முதலில் டேப்பை எடுத்து அறையை அளந்துவிடுங்கள். நம் ஊர் வெப்பத்தில், 30 டிகிரி வாக்கில், ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் ஓடுகிறது. அடிக் கணக்கில் சுமார் 1145. இரண்டு எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி நின்று அதிரும் முதல் அதிர்வெண் தெரிய 573-ஐச் சுவர்களுக்கு இடைப்பட்ட அடியால் வகுத்தால் போதும். 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 48, 15 அடிக்கு 38. தரைக்கும் கூரைக்கும் இதே கணக்குதான். பத்துக்குப் பத்து அறையின் உயரமும் பத்தடியாக இருந்துவிட்டால் மூன்று திசையும் 57-லேயே வந்து குவியும், அதன் மடங்குகளான 114-லும் 171-லும் மறுபடி குவியும். ஒலிக்கு இதைவிட மோசமான அறை கிடையாது. 10-க்கு 12 என்றால் குவியல் கொஞ்சம் பிரியும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மரச்சட்டத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்து மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடுகளில் கூரை இன்னும் உயரம். அது ஒருவகையில் கொடுப்பினை. மாடியில் ஷீட் போட்ட அறையில் பேஸின் ஒரு பகுதி கூரை வழியாகவே வெளியேறிவிடுவதால் குமுறல் குறைவு, ஆனால் ஷீட்டே கடகடவென்று ஆடும்.

முட்டை அட்டையைச் சுவர் முழுக்க ஒட்டுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 57 ஹெர்ட்ஸில் அலைநீளத்தின் கால் பங்கே 5 அடி வரும். அட்டையின் கனம் இரண்டு அங்குலம். அது அங்கே பேஸை ஒன்றும் செய்யாது, பல்லிக்கும் கரப்பானுக்கும் குடியிருப்பு ஆகும், அவ்வளவுதான்.

மீட்டர் வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: சி வெயிட்டிங் இருக்கிறதா? வெயிட்டிங் என்பது எந்த அதிர்வெண்ணை எவ்வளவு குறைத்துக் கணக்கில் எடுப்பது என்று மீட்டருக்குள் இருக்கும் வடிகட்டி, ஏ, சி என்று வகை உண்டு. விலை குறைந்த மீட்டர்களில் பல, ஏ மட்டும் உள்ளவை. தொழிற்சாலை இரைச்சலை அளக்க அது போதும், நமக்கு உதவாது. ஏ வெயிட்டிங் 63 ஹெர்ட்ஸை 26 டெசிபல் குறைத்துக் காட்டும், 125-ஐ 16 டெசிபல். அதை நம்பி ஸ்லைடரை ஏற்றினால் தெருவே கூடிவிடும். சி வெயிட்டிங் கிட்டத்தட்ட தட்டையானது. ஓரங்களில் மட்டும் குறைத்துக் காட்டும், அதை நாமே கூட்டிக்கொள்ளலாம். 31.5-ல் வரும் எண்ணோடு 3, 40-ல் 2, 50-ல் 1.3, 63-ல் 0.8. மேல்பக்கம் 8,000-ல் 3, 10,000-ல் 4.4, 16,000-ல் 8.5. நடுவில் எதுவும் கூட்ட வேண்டாம்.

வேகத்தை ஸ்லோவில் வையுங்கள். அது ஒரு வினாடி சராசரி. ஃபாஸ்ட் என்பது 125 மில்லிசெகண்ட், எண் ஒரு இடத்தில் நிற்காது. விலை குறைந்த மீட்டரின் டேட்டா ஷீட்டில் 31.5 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை, பிழை 1.5 டெசிபல் என்று போட்டிருக்கும். நாம் பார்ப்பது ஒரு பேண்டுக்கும் இன்னொரு பேண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை என்பதால் மொத்தமாக ஒன்றரை டெசிபல் கூடியோ குறைந்தோ காட்டினாலும் பரவாயில்லை. 94 டெசிபல் காலிபரேட்டரைத் தேடி அலைய வேண்டிய அவசியமும் இல்லை. போன் ஆப்பை வைத்து இடது வலது சமமா என்று பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். போன் மைக் பேச்சுக்காகச் செய்தது, கீழ்ஸ்தாயியில் அது சொல்லும் எண்ணுக்கு மதிப்பில்லை. லேப்டாப்பும் யூஎஸ்பி அளவு மைக்கும் இருப்பவர்கள் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளுக்குப் போய்விடலாம். அது வரைபடமாகவே காட்டும். கீழே சொல்லும் தர்க்கம் அதற்கும் பொருந்தும்.

ஒலிக் கோப்புக்கு மூன்றிலொரு ஆக்டேவ் பிங்க் நாய்ஸ் வேண்டும். அதிர்வெண் இரு மடங்காகும் தூரம் ஓர் ஆக்டேவ், பிங்க் நாய்ஸ் என்பது ஒவ்வொரு ஆக்டேவிலும் சம ஆற்றல் உள்ள இரைச்சல், அதை ஆக்டேவுக்கு மூன்று துண்டாக வெட்டிய கோப்புகள் இவை. 31.5, 40, 50, 63, 80, 100, 125, 160, 200, 250, 315 என்று வரிசையாகப் போகும். வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பாக யூஎஸ்பியில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே அதிர்வெண்ணில் ஒலிக்கும் வெறும் சைன் டோன் வேண்டாம். மேல் அதிர்வெண்களில் மீட்டரை நான்கு விரற்கடை நகர்த்தினாலே எண் பத்து டெசிபல் குதிக்கும். கீழ் பேண்டுகளில் பிங்க் நாய்ஸும் மூன்று நான்கு டெசிபல் அலையும். இருபது வினாடி பொறுத்து நடு எண்ணை எழுதுங்கள். அதிர்வெண் லேசாக ஏறி இறங்கும் வார்பிள் டோன் கிடைத்தால் அது இன்னும் நிதானமாக நிற்கும்.

போனிலிருந்து ப்ளூடூத்தில் விடுகிறீர்கள் என்றால் போனுக்குள் இருக்கும் ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், சரவுண்ட் எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு விடுங்கள். ஆம்ப்ளிஃபயரில் லவுட்னெஸ் பொத்தான் இருந்தால் அதையும். பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் நடுவில். ஈக்வலைசர் ஸ்லைடர்கள் அத்தனையும் பூஜ்ஜியத்தில். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடற்காற்று ஸ்லைடரின் உள்ளே இருக்கும் உலோகத் தொடுமுனையை அரித்துவிடும். தள்ளும்போது கரகரவென்று சத்தம் வந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்து, மேலும் கீழும் இருபது தடவை ஓட்டிவிட்டுப் பிறகு அளக்க உட்காருங்கள். அழுக்குப் பிடித்த ஸ்லைடர் இடதில் மூன்று டெசிபல், வலதில் ஒன்று என்று வேலை செய்யும், நீங்கள் அறையைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது வெளிச்சத்தம். நம் பக்கத்தில் பெரிய எதிரி இதுதான். ஃபேனை நிறுத்த வேண்டும், ஏசியையும். எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலி ரோட்டிலும் துறைமுகத்துக்கு வரிசை கட்டிப் போகும் கண்டெய்னர் லாரிகளின் உறுமல் காதுக்குப் பழகிப்போனது. மீட்டருக்குப் பழகவில்லை. சியில் போட்டுப் பார்த்தால் சத்தமே இல்லை என்று நினைக்கும் அறையில், லாரி ஒன்று தெருமுனையைக் கடக்கும்போது எண் ஜிவ்வென்று ஏறும். ஏறுவது பெரும்பாலும் கீழ் பேண்டுகளில். கொருக்குப்பேட்டை யார்டு பக்கம் கூட்ஸ் வண்டி போனாலும் இதே கதை. ஆடி மாதம் அம்மன் கோயில் ஸ்பீக்கர் கட்டியிருக்கும் வாரத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு தெரு தூங்கும் இரண்டு மணி நேரம் நல்ல நேரம்.

பாட்டை நிறுத்திவிட்டு, செட் ஆனில் இருக்கும்போதே, மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அளக்கும் ஒலி அதைவிட 10 டெசிபலாவது மேலே இருக்க வேண்டும். 10 டெசிபல் வித்தியாசம் இருந்தால் பிழை அரை டெசிபல்கூட வராது. வித்தியாசம் 3-தான் என்றால் எண்ணில் பாதி ஆற்றல் லாரியுடையது. செட் ஆனில் இருக்கும்போது ஸ்பீக்கருக்கு அருகே காதை வைத்து ம்ம்ம் என்ற ஹம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் 50, 100 பேண்டுகளின் எண்கள் பொய். அசெம்பிள் செட்டில் இது சகஜம். ஃபில்டர் கெபாசிட்டர் காய்ந்திருக்கலாம், டிரான்ஸ்ஃபார்மர் இன்புட் வயருக்குப் பக்கத்தில் இருக்கலாம். இன்னொரு காரணம் கேபிள் டிவி. செட் டாப் பாக்ஸின் பின்னால் வரும் கேபிள் ஒயரைக் கழற்றியதும் ஹம் நின்றால், குற்றவாளி அந்த ஒயர் வழியாக வரும் எர்த். அளக்கும்வரை கழற்றியே வையுங்கள்.

மீட்டரைக் கையில் பிடிக்கக் கூடாது. உடம்பே ஒலியைத் திருப்பி அடிக்கும். போன் ட்ரைபாட் ஒன்றில் மாட்டி, நீங்கள் உட்கார்ந்து கேட்கும்போது காது இருக்கும் உயரத்தில், தலை இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். நீங்கள் இரண்டு மூன்று அடி தள்ளி நில்லுங்கள், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில். ஸ்டீரியோ என்றால் மைக் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே பார்க்கட்டும், 5.1 என்றால் கூரையைப் பார்க்கட்டும். கதவு, ஜன்னல் நீங்கள் வழக்கமாகப் பாட்டுக் கேட்கும்போது எப்படியோ அப்படி. கதவைத் திறந்தால் கீழ் பேண்டுகளின் எண் மாறும், அதனால் ஒன்றைத் திறந்தும் ஒன்றை மூடியும் அளந்து ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

முழு பிங்க் நாய்ஸை விட்டு வால்யூமை 75 டெசிபலில் வையுங்கள். ஹோம் தியேட்டர் ரிசீவர்களின் உள் டெஸ்ட் டோனும் இந்த அளவைக் குறிவைத்ததுதான். இடது மட்டும், வலது மட்டும் தனித்தனியே பாருங்கள். ஒரு டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பேலன்ஸைத் திருப்பிச் சமன் செய்யுங்கள். மலிவான வால்யூம் கன்ட்ரோல் ஆரம்பப் புள்ளிகளில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி விடாது, ஆகவே குமிழை அந்த ஆரம்ப எல்லைக்கு அருகே வைத்து அளக்காதீர்கள்.

கீழ்பேஸுக்கென்று தனிப் பெட்டியாக சப்ஊஃபர் (சப்) இருந்தால் அதை முதலில் முடித்துவிட வேண்டும். சப்பும் ஸ்பீக்கரும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் அதிர்வெண்ணான கிராஸ்ஓவர் 80 என்று வைத்துக்கொள்வோம். 80 ஹெர்ட்ஸ் பேண்டை விட்டு சப்பும் ஸ்பீக்கரும் சேர்ந்து ஓடும்போது ஃபேஸ் ஸ்விட்சை 0-விலும் 180-லும் போட்டுப் பாருங்கள். எதில் எண் அதிகமோ அதுவே சரி. குறைவு என்றால் இரண்டும் ஒன்றை ஒன்று தின்கின்றன. சப்பை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் தலைகீழாகச் செய்யலாம்: சப்பைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, 40 முதல் 80 வரையுள்ள பேண்டுகளை ஓடவிட்டு, மீட்டரை சப் போகக்கூடிய இடங்களில் தரைக்கு அருகே ஒவ்வொன்றாக வைத்து அளந்து பாருங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று அதிகம் முரண்டு பிடிக்காத இடமே சப்பின் இடம்.

இனி அளவு. உதாரணத்துக்கு 10-க்கு 12 அறை, டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, ஆறரை அங்குல ஊஃபர் கொண்ட இரண்டு ஸ்பீக்கர், சப் கிடையாது. டிவி ஷோகேஸ் இடம் பிடித்துக்கொண்டதால் ஸ்பீக்கர்கள் ஸ்டாண்டில், முகப்பு பின் சுவரிலிருந்து 3 அடி தள்ளி நிற்கின்றன. சி திருத்தம் சேர்த்த பிறகு இந்த மாதிரி அறையில் வரும் எண்கள் இப்படி இருக்கும்:

31.5-ல் 61, 40-ல் 68, 50-ல் 79, 63-ல் 83, 80-ல் 75, 100-ல் 64, 125-ல் 70, 160-ல் 74, 200-ல் 72, 250-ல் 75, 500-ல் 73, 1,000-ல் 72, 2,000-ல் 73, 4,000-ல் 72, 8,000-ல் 69.

50-ம் 63-ம் மேடு. 12 அடியின் 48 ஹெர்ட்ஸும் 10 அடியின் 57-ம் அந்த இரண்டு பேண்டில்தான் விழுகின்றன. டேப்பில் போட்ட கணக்கும் மீட்டரும் கை கோத்து நிற்கும்போது சந்தேகமே வேண்டாம், அது அறையின் மேடு. 100-ல் பள்ளம். அதற்கும் ஒரு கணக்கு உண்டு: 286-ஐ ஸ்பீக்கர் முகப்புக்கும் பின் சுவருக்கும் உள்ள அடியால் வகுக்க வேண்டும். 3 அடிக்கு 95 ஹெர்ட்ஸ். பின்னால் போய்ச் சுவரில் மோதித் திரும்பும் ஒலி அரை அலை தாமதமாக வந்து நேர் ஒலியைக் கழித்துவிடுகிறது.

இங்கேதான் கை நேராக, 100-க்குப் பக்கத்தில் இருக்கும் 125 ஸ்லைடருக்குப் போகும். போகக் கூடாது. கழித்தலால் வந்த பள்ளத்தில் நீங்கள் எவ்வளவு ஊற்றினாலும் நேர் ஒலி கூடும் அளவுக்குத் திரும்பும் ஒலியும் கூடும், இரண்டும் மறுபடி கழிந்து பள்ளம் பள்ளமாகவே இருக்கும். நடுவில் ஆம்ப்ளிஃபயர்தான் வெந்துபோகும். 3 டெசிபல் கூட்ட இரண்டு மடங்கு வாட் வேண்டும், 6-க்கு நான்கு மடங்கு, 10-க்குப் பத்து மடங்கு. எல்ஏ 4440 ஐசி போட்ட செட் ஒன்று பக்கத்துக்கு 6 வாட், பிரிட்ஜ் செய்தால் 19 வாட். அதில் ஒரு பேண்டை 10 டெசிபல் ஏற்றினால் கிடைப்பது பேஸ் அல்ல, ஆம்ப்ளிஃபயர் தாங்காமல் அலையின் உச்சி வெட்டுப்படும் கிளிப்பிங். டப்பாவில் 1000 வாட் என்று அச்சடித்திருப்பதைப் பற்றிப் பேசாமல் விடுவோம்.

பள்ளத்துக்கு மருந்து ஸ்பீக்கரை நகர்த்துவது. ஷோகேஸைப் பக்கச் சுவருக்கு மாற்றிவிட்டு முகப்பு சுவரிலிருந்து ஓரடியில் இருக்கும்படி பின்னுக்குத் தள்ளினால் கழித்தல் 286 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அங்கே ஸ்பீக்கர் பின்பக்கம் அவ்வளவாக ஒலியை விடுவதில்லை, பள்ளம் ஆழமாகாது. பதிலுக்குக் கீழ்பேஸ் கூடும். இப்போது அளந்தால் 50-ல் 80, 63-ல் 84, 80-ல் 77, 100-ல் 71, 125-ல் 74 என்ற மாதிரி வரும். மேடு பெரிதாயிற்றே என்று பதற வேண்டாம். மேட்டை வெட்டுவது ஈக்வலைசருக்குச் சுலபம், ஆம்ப்ளிஃபயருக்கும் ஓய்வு. பள்ளத்தை மேடாக மாற்றிக்கொள்ள முடிந்தால் அது லாபமான பேரம்.

உட்காரும் இடத்தையும் அசைத்துப் பார்க்க வேண்டும். கட்டில் பின் சுவரை ஒட்டியிருந்து, அதில் சாய்ந்துதான் கேட்கிறீர்கள் என்றால் தலை இருப்பது அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடம். எல்லா மேடும் முழு வீச்சில் விழும். நேர் நடுவில் உட்கார்ந்தால் அந்த முதல் அதிர்வெண் அடியோடு காணாமல் போகும். 12 அடி நீளத்தில் பின் சுவரிலிருந்து நாலரை அடி வாக்கில் நாற்காலி போட்டால் இரண்டுக்கும் நடுவான நிலை. அவ்வளவு இடம் இல்லையா, தலையணையை வைத்துத் தலையை ஓரடி முன்னால் கொண்டுவந்தாலும் 50 பேண்டில் மாற்றம் தெரியும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்லைடர். பத்து பேண்ட் கிராஃபிக் ஈக்வலைசரில் 31, 63, 125, 250, 500, 1,000, 2,000, 4,000, 8,000, 16,000 என்று இருக்கும். 63-ஐ 6 டெசிபல் இறக்குங்கள். ஸ்லைடர் ஒன்றை இறக்கினால் அது மட்டும் இறங்காது. ஓர் ஆக்டேவ் அகலமுள்ள ஈக்வலைசரில் 63-ல் 6 இறக்கும்போது 50-லும் 80-லும் 4, 100-ல் 2, 125-ல் 1 இறங்கும். ஆகவே அடுத்த ஸ்லைடரைத் தொடுவதற்குள் 40 முதல் 160 வரை மறுபடி அளந்தாக வேண்டும். நம் உதாரணத்தில் 50-ல் 76, 63-ல் 78, 80-ல் 73, 100-ல் 69, 125-ல் 73.

63 இன்னும் உயரம்தானே, 8 டெசிபல் இறக்கலாமே என்று தோன்றும். இறக்கினால் 63 76-க்கு வரும், ஆனால் 80 இன்னும் ஒன்றரை டெசிபல் சரிந்து 71.5-க்குப் போய்விடும். தவிலின் தொப்பிப் பக்கமும் கானா பாட்டின் தாளமும் உடம்பில் உதைப்பது 80, 100-லிருந்துதான். அந்த உதை போய்விட்டால் பாட்டு சோகை பிடித்துவிடும். ஆறோடு நிறுத்திவிட்டு 125-ஐ 2 டெசிபல் ஏற்றினால் 100 எழுபதைத் தொடும், 125 75-ல் நிற்கும். அதோடு விடலாம். அகலத்தையும் அதிர்வெண்ணையும் நாமே வைக்கக்கூடிய பாராமெட்ரிக் ஈக்வலைசர் உங்கள் ரிசீவரிலோ சப்பிலோ இருந்தால் 57-ல் ஒரு குறுகிய வெட்டு போட்டு 80-ஐத் தொடாமலே காரியத்தை முடிக்கலாம். கிராஃபிக் ஸ்லைடரில் அந்த நயம் கிடையாது.

31 ஸ்லைடரை ஏற்றவே ஏற்றாதீர்கள். ஆறரை அங்குல ஊஃபரால் அங்கே காற்றைத் தள்ள முடியாது. கோன் முன்னும் பின்னும் ஆடும், சத்தம் வராது, ஒருநாள் வாய்ஸ் காயில் என்ற கம்பிச்சுருள் அடிபடும். சப் இல்லாதவர்கள் அதை 3, 4 டெசிபல் இறக்கியே வைத்தால் ஊஃபருக்கு ஆயுள் கூடும்.

எந்த எண்ணைக் குறிவைப்பது? 500-க்கும் 1,000-க்கும் வரும் சராசரியைப் பூஜ்ஜியமாக வைத்துக்கொள்ளுங்கள். 50 முதல் 80 வரை அதற்கு மேல் 3 முதல் 5 டெசிபல் இருக்கட்டும். 8,000-ல் 2 முதல் 4 டெசிபல் கீழே இருக்கட்டும். நல்ல ஸ்பீக்கர் ஒன்று சாதாரண அறையில் தானாகவே இப்படிச் சரிந்துதான் ஒலிக்கும். ட்வீட்டர் ஒலியை ஒரு திசைக்குக் குறுக்கிவிடுகிறது, துணிமணியும் மெத்தையும் மேல்ஸ்தாயியைத் தின்கின்றன. இதைக் கோடு போட்ட மாதிரி தட்டையாக்கினால் 's' வரும் இடமெல்லாம் சீறும் என்று சொல்வார்களே, அந்த ஸகாரச் சீறல் காதைக் குத்தும், அரை மணி நேரத்தில் செட்டை அணைக்கத் தோன்றும்.

300-க்கு மேலே மீட்டர் காட்டும் இரண்டு டெசிபல் ஏற்ற இறக்கத்தைக் கண்டுகொள்ளாதீர்கள். ட்ரைபாடை அரையடி நகர்த்தினால் அது வேறு மாதிரி வரும். நான்கைந்து இடங்களில், தலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்து அளந்து, எல்லா இடத்திலும் ஒரே திசையில் 3 டெசிபலுக்கு மேல் விலகினால் மட்டும் அதில் பாதியைத் திருத்துங்கள். 8,000-க்கு மேல் மலிவு மீட்டரின் மைக்கே நம்பத்தக்கதல்ல. 16,000 ஸ்லைடரைக் காதால் வைத்துக்கொள்ளலாம். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள அறையில் 2,000 முதல் 4,000 வரை கூச்சலாக இருந்தால் அது ஸ்லைடர் பிரச்சினையே அல்ல, எதிரொலி. கைதட்டிப் பாருங்கள், டிங் என்று வால் நீண்டால் ஜன்னலுக்குக் கனமான திரையும் தரைக்கு ஜமக்காளமும் போடுங்கள். இலவம்பஞ்சு மெத்தையைப் பகலில் சுவரில் சாய்த்து வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

மீட்டர் கண்டுபிடிக்காத ஒன்று உண்டு. 50, 63 பேண்டுகளை ஓடவிடும்போது எண்ணைப் பார்ப்பதோடு அறையில் என்னென்ன கூடவே பாடுகிறது என்றும் காது கொடுங்கள். இரும்பு பீரோவின் கதவு, அதன் மேல் அடுக்கிய சூட்கேஸின் கைப்பிடி, லாஃப்டில் ஒன்றுக்குள் ஒன்று போட்ட எவர்சில்வர் அண்டா, ஜன்னல் கொக்கி, சுவரில் மாட்டிய சாமி படத்தின் கண்ணாடி. பேஸ் உடைகிறது, ஊஃபர் கிழிந்துவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் கேஸ்களில் கணிசமானவை இந்த பீரோ கேஸ்கள். சைன் டோன் பயன்படும் ஒரே இடம் இதுதான். 40-லிருந்து 120 வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு பொருளும் தன் முறை வரும்போது கையைத் தூக்கும். பீரோ கதவுக்கு இடையில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால் அடங்கிவிடும். படத்தின் பின்னால் நான்கு மூலையிலும் ரப்பர் பொட்டு.

எல்லாம் வைத்தபின் நீங்கள் நன்றாக அறிந்த பாட்டு நான்கைப் போடுங்கள், ஒன்றாவது தனிக்குரலாக இருக்கட்டும். ஆண் குரல் பெட்டிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தால் 125-க்கும் 250-க்கும் நடுவே இன்னும் மிச்சம் இருக்கிறது, 250-ஐ ஒன்றிரண்டு இறக்கிப் பாருங்கள். வழக்கமாகக் கேட்கும் வால்யூமிலேயே கேட்க வேண்டும். சத்தம் குறையக் குறையக் காதுக்குப் பேஸ் அதிகமாகக் குறைந்து தெரியும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வளைகோடு போட்டுவிட்டார்கள். லவுட்னெஸ் பொத்தான் அதற்காகப் பிறந்ததுதான். இரவு மெல்லக் கேட்கும்போது ஸ்லைடரைக் கலைக்காமல் அந்தப் பொத்தானை அழுத்திக்கொள்ளலாம்.

ஸ்லைடர் நிலைகளைப் போனில் படம் பிடித்து வையுங்கள், வீட்டுக்கு வரும் பிள்ளைகள் கை வைக்காமல் இருக்க மாட்டார்கள். பீரோவோ கட்டிலோ இடம் மாறினால் 50 முதல் 125 வரை மட்டும் மறுபடி அளந்தால் போதும். மீட்டரை பேட்டரி கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போடுங்கள். நம் பக்கத்து ஈரக்காற்றுக்கு அதன் மைக் ரொம்ப நாள் தாங்காது.

ஏ வெயிட்டிங்குக்கும் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல், இரண்டும் ஏ கணக்கில். வாசலில் நின்று அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். பழைய வண்ணாரப்பேட்டை மாதிரி இடங்களில் இரண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர் ஒன்றுதான். அதைத் தாண்டிப் போவது 63 ஹெர்ட்ஸ், அதை ஏ 26 டெசிபல் மறைத்துவிடும். மீட்டர் 42 காட்டும், பக்கத்து வீட்டு அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரிடமே கேட்டு மீட்டரை சியில் போட்டு அவர் பக்கத்துச் சுவரோரம் வைத்து, பாட்டு ஓடும்போதும் நிற்கும்போதும் எண்ணைப் பாருங்கள். வித்தியாசம் 5 டெசிபலுக்கு மேல் என்றால் சப்பைப் பொதுச் சுவரிலிருந்து எதிர்ப் பக்கத்துக்கு மாற்றி, அடியில் கனமான ரப்பர் பேட் வைத்து, பத்து மணிக்கு மேல் 63 ஸ்லைடரை இன்னும் நான்கு இறக்கி வையுங்கள்.